ரிசல்ட் வந்த பிறகு பெற்றோரைக் கூப்பிட்டு என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு வருடமும் மே மாதம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வருகிற வாரத்தில் 'அடுத்து என்ன படிக்கலாம்' என்று நான்கைந்து பக்கம் போடுகிறீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது வருகிற நேரம் சரியில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடங்களும் கல்வித்துறையும்கூட இதையேதான் செய்கின்றன. பிள்ளைகளுக்கு வழிகாட்டுதல் என்று ஏதோ நடக்கிறது, பெற்றோருக்கு ஒன்றும் நடப்பதில்லை, நடந்தாலும் எல்லாம் முடிந்த பிறகு நடக்கிறது.

திண்டிவனத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். மே, ஜூனில் கடைக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிக்கூடத்தில் கொடுத்த காகிதம் எல்லாம் ஒன்றாக மடித்து வைத்திருப்பார்கள். "அண்ணே, பொண்ணுக்கு இஞ்சினியரிங் போடணும்" என்பார்கள். மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தால் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று இருக்கும். கணக்கே இல்லை. பொறியியல் கலந்தாய்வுக்கு கட்-ஆஃப் எப்படிப் போடுகிறார்கள் என்றால் கணக்கு மார்க் அப்படியே 100க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50, மொத்தம் 200. கணக்குப் பாடமே படிக்காத பிள்ளைக்கு எதை வைத்துப் போடுவது? இதை அந்த அம்மாவிடம் பிளஸ் டூ முடிந்த பிறகு சொல்ல வேண்டியவன் ஜெராக்ஸ் கடைக்காரனா? இரண்டு வருடத்துக்கு முன்னால் பிளஸ் ஒன்னில் குரூப், அதாவது பாடப்பிரிவு, எடுக்கிற அன்றைக்கே ஒருவர் சொல்லியிருந்தால் வேலை முடிந்தது.

குரூப் எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே பிளஸ் ஒன் சேர்க்கை ஆரம்பித்துவிடும். மார்க் வரிசைப்படி கூப்பிடுவார்கள். அதிக மார்க் வாங்கினால் கணக்கு-உயிரியல், கொஞ்சம் குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கும் கீழே போனால் காமர்ஸ், கடைசியில் வரலாறு, தொழிற்கல்வி. பிள்ளைக்கு எது பிடிக்கும், எது வரும், வீட்டில் எவ்வளவு செலவழிக்க முடியும் என்று எவரும் கேட்பதில்லை. 470 வாங்கிய பையன் காமர்ஸ் கேட்டால் "இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஏன்டா?" என்று ஆசிரியரே திட்டுவார். அவன் சி.ஏ. படிக்க நினைத்திருக்கலாம், பிளஸ் டூ முடித்ததும் அதன் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுத எந்த குரூப்பும் தடையில்லை என்றாலும் காமர்ஸ் படித்தவனுக்குக் கணக்குப்பதிவியல் புதிதாக இருக்காது இல்லையா. 300 வாங்கிய பெண்ணுக்கு உயிரியல்தான் உயிர் என்றாலும் கிடைக்காது. எங்கள் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு, ஆசிரியர் இடம் காலியாக இருப்பதால் இரண்டே குரூப்தான் இருக்கும். வேண்டிய குரூப் பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளியில் இருக்கிறது, அரசு பஸ் பாஸ் தருகிறது, சைக்கிளும் தருகிறது, ஆனால் பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று வீட்டில் பேசி முடிப்பதற்குள் சேர்க்கை முடிந்துவிடும். இந்தப் பேச்சு வீட்டில் ஒன்பதாம் வகுப்பிலேயே நடந்திருக்க வேண்டும்.

நீட் பயம் வேறு. உயிரியல் எடுத்தால் நீட் எழுத வேண்டும், நீட் இல்லாவிட்டால் உயிரியல் எடுத்ததே வீண் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம் இதற்கெல்லாம் நீட் வேண்டும், சரி. ஆனால் நம் மாநிலத்தில் பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம் எல்லாம் பிளஸ் டூ மார்க்கிலேயே கிடைக்கிறது. கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மார்க்தான், வேளாண்மைக்கும் அப்படியே. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப் படித்தவரும் பிளஸ் டூ மார்க்கை வைத்து விண்ணப்பிக்கலாம், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத்தான் கிளாட் என்கிற நுழைவுத் தேர்வு. இதைச் சொன்னால் "அப்படியா, இது யாருமே சொல்லலியே" என்பார்கள். ஒருவர் இரண்டு பேர் இல்லை, சீசன் முழுக்க இதே பதில்தான்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் ஒன் மட்டும்தான் வழி என்பதும் அப்படித்தான். மூன்று வருட டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம். உரிய பாடங்களோடு பிளஸ் டூ முடித்தவரோ ஐ.டி.ஐ. முடித்தவரோ டிப்ளமோவில் இரண்டாம் வருடம் சேரலாம். கையில் வேலை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பையனை, பக்கத்து வீட்டுப் பையன் படிக்கிறான் என்பதற்காக கணக்கு-உயிரியலில் தள்ளி இரண்டு வருடம் வாட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் 'பாலிடெக்னிக் போனால் மானக்கேடு' என்று ஒரு எண்ணம் இருக்கிறது பாருங்கள், அதை ஒரு துண்டுப் பிரசுரம் மாற்றாது. அதே ஊரில் டிப்ளமோ முடித்து வேலையில் இருக்கிற ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவிட்டால் மாறும்.

சான்றிதழ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கண்ணீர் விடுவது அதிகமும் இதில்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவையில் போட வேண்டும். போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாகப் போகும். மே, ஜூனில் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி, அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை, நடக்கும், அப்போதுதான் ஊரே சான்றிதழுக்கு வந்து நிற்கும். பழங்குடியினருக்கு இன்னும் கஷ்டம், அவர்களுக்கு சாதிச் சான்று தாசில்தார் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.)தான் தர வேண்டும், அவர் விசாரணைக்கு வர வேண்டும். எங்கள் பக்கம் இருளர் குடும்பங்கள் நிறைய. பெற்றோரிடமே சான்று இல்லாத வீட்டில் பிள்ளைக்கு அது ஒரு மாதத்தில் கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும், ஒன்பதாம் வகுப்பில் வாங்கி வைத்தால் யாருக்கு நஷ்டம்?

பெயர்ப் பிழை இன்னொன்று. பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி, ஆதாரில் ஆங்கில எழுத்து ஒன்று கூட, பள்ளிப் பதிவில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் அப்பா பெயரே வேறு. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன்னால் பள்ளியில் நாமினல் ரோல், அதாவது தேர்வெழுதும் பிள்ளைகளின் விவரப் பட்டியல், தயார் செய்வார்கள், பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியா என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அதுதான் திருத்துவதற்கு நல்ல நேரம். நடப்பது என்னவென்றால் பிள்ளை கையில் காகிதத்தைக் கொடுத்து "அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா" என்று அனுப்புகிறார்கள், அப்பா கட்டட வேலைக்கு பெங்களூரில் இருக்கிறார், அம்மா என்னவென்று பார்க்காமல் போட்டுக்கொடுக்கிறார், சில வீட்டில் பிள்ளையே போட்டுக்கொள்கிறது. மார்க் ஷீட் அச்சாகி வந்த பிறகு ஓர் எழுத்தைத் திருத்த எவ்வளவு அலைய வேண்டும் என்று அலைந்தவரைக் கேளுங்கள். அந்தக் காகிதத்தைப் பெற்றோர் முன்னால் ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டினால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

அப்புறம் செல்போன். கலந்தாய்வு எல்லாமே இப்போது ஆன்லைன், ஓ.டி.பி. வராமல் ஒன்றும் நகராது. எந்த எண்ணைக் கொடுப்பது என்று கேட்டால் சித்தப்பா எண், பக்கத்து வீட்டு அக்கா எண், சில பேர் "உங்க நம்பரே போட்டுக்கங்கண்ணே" என்பார்கள். நான் போடுவதில்லை. பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் ஏற்கிறோமா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறோமா என்று பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் போயே போச்சு. அந்த நேரத்தில் ஓ.டி.பி. திருப்பூரில் ஷிஃப்டில் இருக்கிற சித்தப்பா போனுக்குப் போனால் பிள்ளை என்ன செய்யும்? விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்துவதையும் கடைக்காரரிடமே விட்டுவிடுகிறார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு முதலில் என்பதை ஒரு பிள்ளைக்கு நான் முடிவு செய்வதா? சில கடைகளில் செய்கிறார்கள், சில தனியார் கல்லூரிகள் அதற்குக் கமிஷனும் தருகின்றன என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

அரசு தருவது குறைவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2022இல் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், 2024இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1000 ரூபாய், கல்லூரிக்கு மட்டும் இல்லை, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தாலும் உண்டு. இதெல்லாம் யாருக்கு? ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை (பத்தாம் வகுப்போடு டிப்ளமோ, ஐ.டி.ஐ. போனால் பத்து வரை) அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 1000 ரூபாய் திட்டங்கள் இரண்டிலும் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழிப் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார்கள். இந்த 'ஆறு முதல்' என்பதுதான் எத்தனையோ குடும்பங்களுக்குத் தெரியாது. கையில் கொஞ்சம் பணம் வந்தது என்று ஏழாம் வகுப்பில் பக்கத்திலுள்ள ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றுவார்கள், கட்ட முடியாமல் எட்டில் திரும்ப அரசுப் பள்ளிக்கே கொண்டுவருவார்கள். அந்த ஒரு வருடம் பிள்ளையின் எல்லாச் சலுகையையும் விழுங்கிவிடும். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்போது தலைமை ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படித்தான், கலந்தாய்வில் சேர்ந்தால்தான் கிடைக்கும், ரிசல்ட்டுக்கு முன்பே புரோக்கர் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் கிடைக்காது.

புரோக்கர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. பிளஸ் டூ பிள்ளைகளின் போன் எண்கள் அவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கின்றன என்று உங்கள் நிருபர்கள் கொஞ்சம் துருவிப் பார்க்கலாம். தேர்வு முடிந்த வாரமே "உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு" என்று போன் வரும். நேரில் போனால் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்தால் ஒரிஜினலைத் தரப் பணம் கேட்பார்கள். ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று கல்லூரிகளைக் கண்காணிக்கிற மத்திய அமைப்புகளான யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் விதி. விதி இருக்கிறது என்பதே தெரியாதவர் எப்படிச் சண்டை போடுவார்? நர்சிங், பாராமெடிக்கல் பெயரில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து நடத்துகிற இடங்கள் இன்னும் மோசம், சேர்வதற்கு முன் அது நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும் என்பதைக் கூட எவரும் இந்தப் பெற்றோருக்குச் சொல்வதில்லை.

தோற்றுப் போன பிள்ளைகளைப் பற்றி எந்த வழிகாட்டிப் பக்கத்திலும் நான் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் 35 எடுக்கவில்லை என்றால் வருடமே போய்விட்டது என்று நினைத்து பையனை வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ரிசல்ட் வந்த சில வாரத்திலேயே துணைத் தேர்வு உண்டு, அதில் தேறினால் அதே வருடமே பிளஸ் ஒன் சேரலாம். பிளஸ் டூவில் துணைத் தேர்வு எழுதித் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் இருக்கிறது. கற்றல் குறைபாடு, பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாட விலக்கு எல்லாம் உண்டு, ஆனால் மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மார்ச்சில் வந்து கேட்டால் நடக்காது. சந்தேகம் என்றால் பள்ளிக் கல்வித்துறையின் 14417க்கு போன் போடலாம். அந்த எண்ணைத்தான் பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும், திறப்பு விழாக் கல்வெட்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் முதல்வன், கல்லூரிக் கனவு, உயர்வுக்குப் படி என்று அரசின் வழிகாட்டுதல் திட்டங்கள் இல்லாமல் இல்லை, அதனால் பயன் பெற்ற பிள்ளைகளையும் கடையில் பார்க்கிறேன், முன்பைவிட விவரமாகத்தான் வருகிறார்கள். ஆனால் அவை பெரும்பாலும் பிளஸ் டூ பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்துப் பேசுகின்றன. குரூப் முடிவானது அதற்கு இரண்டு வருடம் முன்னால். முடிவு செய்ததும் பிள்ளை இல்லை, வீட்டில் இருக்கிற அப்பா, மாமா, பெரியப்பா. அவர்களிடம் யார் பேசுவது? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கிறதே என்பார்கள். எங்கள் பக்கம் அது வேலை நாளில் நடக்கிறது, நூறு நாள் வேலையை விட்டுவிட்டு எத்தனை அம்மாக்கள் வருவார்கள்? வந்தாலும் கழிப்பறை, குடிதண்ணீர், மதில் சுவர் என்று பேசி முடிப்பதற்கே நேரம் சரியாகிவிடும், அதுவும் பேச வேண்டியதுதான்.

கல்வித்துறைக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெற்றோரை மட்டும் கூப்பிடுங்கள். அந்தப் பள்ளியிலும் சுற்றி உள்ள பள்ளிகளிலும் என்னென்ன குரூப் இருக்கிறது, எந்த குரூப் எடுத்தால் எந்தக் கதவு மூடும் என்று ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள். எந்தக் கதவு திறக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், மூடுவதைத்தான் சொல்வதில்லை. வி.ஏ.ஓ.வும் அன்றைக்கு வந்து சாதிச் சான்றுக்கான மனுக்களை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். பேங்க் ஆள் ஒருவர் வந்து கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று தன் வாயாலேயே சொல்லட்டும், பிறகு கிளையில் கேட்டால் பெற்றோருக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கும். பிளஸ் ஒன் பொதுத் தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள், பிள்ளைகளுக்கு நிம்மதிதான், ஆனால் நீட்டும் ஐ.ஐ.டி. போன்றவற்றுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேட்கின்றன, அதனால் அந்த வருடத்தை ஒப்பேற்ற விடாதீர்கள் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடலாம்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. மே மாதப் பக்கங்களைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முக்கால் பக்கத்துக்கு நீச்சல் குளமும் ஏ.சி. ஹாஸ்டலும் காட்டுகிற கல்லூரி விளம்பரத்துக்குப் பக்கத்தில் 'கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று கட்டுரை வந்தால் வாசகர் எதை நம்புவார்? நவம்பர் முதல் ஜனவரி வரை, விளம்பரம் இல்லாத காலத்தில், வாரம் ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். முதல் வாரம் சாதிச் சான்று, அடுத்த வாரம் நாமினல் ரோல், அதற்கடுத்து குரூப், பிறகு டிப்ளமோ, ஐ.டி.ஐ. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், வெட்டி எடுத்து கடைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிற மாதிரி. எங்கள் கடையில் நான் ஒட்டுகிறேன், ஜெராக்ஸ் கேட்பவர்களுக்குக் காசு வாங்காமல் போட்டும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
திண்டிவனம்.